விசிலுக்கு முந்தின கை

என் சம்பந்தியை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதரைப் பற்றிப் பேச வந்துவிட்டு இதை மறைத்தால் பாதிக் கதையை முழுங்கியதாகிவிடும்.

அவர் வண்டிக் காவலர். வங்கிகளுக்குப் பெட்டி கொண்டுபோகும் இரும்பு வண்டி இருக்கிறதே, அதில் டிரைவருக்குப் பின்னால் ஓர் அலமாரி அகலத்துக்குச் சின்ன அறை. அதில் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு இருபத்து நாலு வருஷமாக உட்கார்ந்து போய் வந்தவர். நான் அந்தக் கம்பெனி ஆட்கள் சுட்டுப் பழகும் கூடத்தில் நேரம் பார்க்கிறவன். விசில்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். என் மகனும் அவர் மகளும் தாங்களாகவே பார்த்து, தாங்களாகவே முடிவு செய்து, கடைசியில் போனால் போகிறதென்று எங்களிடமும் ஒரு வார்த்தை சொன்னார்கள். அப்படித்தான் நாங்கள் சம்பந்தி ஆனோம்.

கல்யாணப் பேச்சின்போதே எனக்கு அவர் மேல் ஒரு கண். மேசைக்கு அந்தப் பக்கம் மூலையாகப் பார்த்து, எல்லோர் முகமும் தெரிகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் எது சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். "பிள்ளைங்க எங்க வீட்டு மாடியிலயே இருக்கட்டும், என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நானும் மாடிக்கு வெள்ளையடித்து, புதுக் குழாய் வைத்து, ஜன்னலுக்கு வலை அடித்துத் தயாராக இருந்தால், பிள்ளைகள் அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி வாடகைக்குப் போய்விட்டார்கள். நேரே போய்க் கேட்டேன். "மாடியா? என்கிட்ட எப்ப கேட்டீங்க?" என்றார், பச்சைக் குழந்தை மாதிரி. அடப்பாவி மனுஷா! அன்றைக்கு விழுந்தது எனக்குள் சந்தேகம். போன் செய்தால் எடுக்கவே மாட்டார். மறுநாள் மகள் மூலமாகப் பதில் வரும். பெரிய மனுஷத்தனம் என்று நினைத்தேன். என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் பொருமினேன். "உங்களுக்கு யாரைத்தான் பிடிச்சுது?" என்று அவள் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

எங்கள் கூடத்தில் வருஷத்துக்கு ஒரு பரீட்சை உண்டு. ஒரு வண்டியில் போகிற இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், கை தொங்க வேண்டும், கண் இலக்கு அட்டையில் இருக்க வேண்டும். விசில் கேட்டதும் உருவி ஒரே ஒரு குண்டு. முதலில் மூன்று மீட்டர், இரண்டு நொடிக்குள். அப்புறம் ஐந்து மீட்டர், ஏழு, பத்து, கடைசியில் பதினைந்து. பின்னால் போகப் போக நேரமும் கொஞ்சம் கூடும். பதினைந்துக்கு மூன்றரை நொடி. ஐந்து தூரத்திலும் வட்டத்துக்குள் விழுந்தால்தான் துப்பாக்கி கையில் இருக்கும். விழாவிட்டால் அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள். துப்பாக்கி இல்லாத காவலருக்கு வண்டியில் இடமில்லை, வண்டியில் இடமில்லாதவருக்குக் கம்பெனியில் வேலையில்லை.

நேரத்தைக் குறிக்க ஒரு பெட்டி என் மார்பில் தொங்கும். சுடுகிற சத்தத்தைக் கேட்டு அதுவே நொடிக் கணக்கைக் காட்டும். முன்பெல்லாம் தொடங்குவதற்கும் அதுவே கீச்சென்று கத்தும். அந்தக் கீச்சு செத்து மூன்று வருஷம். புதுசு கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அதனால் வாயில் விசிலை வைத்துக்கொண்டு, ஊதுகிற அதே நேரத்தில் வலது கையால் பெட்டியின் பொத்தானை அழுத்துவேன். மூச்சு இழுக்கும்போதே என் முழங்கை தானாகத் தூக்கிக்கொள்ளும். அது என் பழக்கம். அப்படி ஒரு பழக்கம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

இந்த வருஷம் சம்பந்திக்குப் பரீட்சை முக்கியம். இன்னும் பதினோரு மாதம் ஓட்டினால் இருபத்தைந்து வருஷம் முடியும். முடிந்தால் முழு ஓய்வூதியம். ஒரு நாள் குறைந்தாலும் பாதிதான். அதனால் ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே தினமும் காலையில், வண்டி கிளம்புமுன், தன் டிரைவரையும் இழுத்துக்கொண்டு பழக வந்துவிடுவார். டிரைவர் முப்பது வயசு ஆள், வாய் ஓயாது. ஆனால் இவர் பக்கத்தில் நின்றால் மட்டும் பெட்டிப் பாம்பு.

முதல் வாரம் நான் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டாவது வாரம் என் குறிப்பு நோட்டைப் புரட்டினபோது மூக்கில் வியர்த்தது. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் கிட்டத்தில் வேகம், எட்டத்தில் தாமதம். கிட்டே இருக்கிற அட்டையைக் குறிபார்க்க வேண்டியதே இல்லையே, நீட்டினால் போதும். எட்டத்தில்தான் மூச்சைப் பிடிக்க வேண்டும். இவருக்கு மட்டும் தலைகீழ். மூன்று மீட்டரில் ஒன்று புள்ளி தொண்ணூற்றைந்து. மயிரிழை. ஐந்திலும் ஏழிலும் அதே தடுமாற்றம், டிரைவர் சுட்ட பிறகுதான் இவர் சுடுவார். பத்து மீட்டருக்குப் போனதும் ஒன்று புள்ளி ஏழு! பதினைந்தில் ஒன்று புள்ளி எட்டு! டிரைவர் குறி பார்த்து முடிப்பதற்குள் இவர் குண்டு அட்டையில் இருக்கும். ஐம்பத்தெட்டு வயசில் இது என்ன வித்தை?

"சம்பந்தி, தூரம் போகப் போகத்தான் உங்களுக்கு வேகம் வருது போல!" என்று காதுமூடியைக் கழற்றிவிட்டு முகத்துக்கு நேராகக் கத்தினேன். எங்கள் கூடத்தில் எல்லோரும் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவோம். அங்கே யாரும் மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை.

"எல்லாம் உங்க ராசி சம்பந்தி" என்றார், அதே சிரிப்போடு.

என் ராசியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கே காது குத்துகிறாரே என்று அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தேன்.

மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டேன். கிட்டத்தில் நிற்கும்போது அவர் ஓரக்கண்ணால் டிரைவரின் கையைப் பார்க்கிறார். அது அசைந்த பிறகுதான் தன் கையை அசைக்கிறார். சரி, பயந்த ஆள் என்று விட்டுவிடலாம். ஆனால் பத்து மீட்டருக்குப் பின்னால் வந்ததும் அவர் டிரைவரையும் பார்க்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை. தரையைப் பார்க்கிறார். தரையில் என்ன இருக்கிறது? நான் போய் அவர் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். எங்கள் கூடத்தில் இலக்குகளுக்கு மேலே வரிசையாக விளக்கு. பின்சுவரில், கதவுக்கு மேலே, பெரிய விளக்கு ஒன்று. முன்னால் நிற்கும்போது அட்டைப் பக்கத்து வெளிச்சத்தில் எங்கள் நிழல் பின்பக்கம் விழும். பத்து மீட்டருக்கு வந்துவிட்டால் கதவு விளக்கு முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். அவருக்குப் பின்னால் நிற்கிற என் நிழல் நீளமாக அவர் கால் தாண்டி முன்னால் விழும். மூச்சு இழுக்கும்போது என் முழங்கை தூக்குமே, அது அப்படியே தரையில் தெரியும். விசிலுக்குக் கால் நொடி முன்னால்!

மறுநாள் வேண்டுமென்றே சுவரோரம் தள்ளி நின்று ஊதினேன். நிழல் வேறு பக்கம் விழுந்தது. ஒன்று புள்ளி எட்டு, இரண்டு புள்ளி ஒன்பது ஆயிற்று. திரும்பப் பழைய இடத்துக்கு வந்தேன். மறுபடி ஒன்று புள்ளி ஏழு. என் முழங்கையைத் திருடிப் பிழைப்பு ஓட்டுகிறான் மனுஷன்!

நியாயமாக அப்போதே கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாடிக்கு வெள்ளையடித்த ஆத்திரம் இன்னும் ஆறாமல் இருந்தது. கேட்டால் சிரித்து மழுப்புவார், "எப்ப கேட்டீங்க" என்பார். கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரக் கடைசியில் மருமகள் வீட்டுக்கு வந்தாள். மெதுவாக அவள் வாயைப் பிடுங்கினேன்.

"உங்கப்பா வீட்டுலயும் பழகுறாராம்மா?"

"அதை ஏன் கேக்குறீங்க மாமா! காலையில எழுந்ததும் அலமாரிக் கண்ணாடி முன்னாடி நின்னுட்டு இருநூறு தடவை. குண்டு இல்லாம வெறும் துப்பாக்கிதான். உருவுறது, நீட்டுறது, திரும்பச் சொருகுறது. அம்மா துணி மடிக்க அந்தப் பக்கம் போக முடியல. ரெண்டு சட்டைக்கு இடுப்புல தேய்ஞ்சு ஓட்டை வந்துடுச்சு."

"இவ்வளவு வருஷம் சுட்டவருக்கு என்ன பயம்?"

அவள் வளையலைத் திருகினாள். "தெரியல மாமா. நான் வாசல்லேர்ந்து கூப்பிட்டாகூடக் கவனிக்க மாட்டேங்குறார். அதே நினைப்பு. நேத்து எங்கிட்ட, இது ஒன்னு தாண்டிட்டா போதும் பாப்பான்னு சொன்னார், கண்ணு கலங்கிடுச்சு. நீங்க பார்த்துப்பீங்கல்ல?"

"பார்த்துக்கறேன்" என்றேன். அவள் எந்த அர்த்தத்தில் கேட்டாள், நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது சிபாரிசாகத்தான் பட்டது. அப்பனும் மகளும் சேர்ந்து ஆளை வளைக்கிறார்களா என்றுகூட நினைத்தேன்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினவர் பரீட்சை அதிகாரி. வயசில் சின்னவர், நக்கல் பேர்வழி. முந்தின நாள் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, "உங்க சம்பந்தி பேரு இருக்கே. அப்ப அவரு பாஸ்னு இப்பவே எழுதிடலாமா சார்?" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் என் நொடியை ஒருத்தன் கேள்வி கேட்டதில்லை. "நாளைக்கு வந்து பாருங்க சார், யாரு பாஸு யாரு ஃபெயிலுன்னு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பரீட்சை அன்று காலை சம்பந்தி சவரம் செய்து, சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, ஷூவில் முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி வந்தார். டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கு என்ன வந்தது, அவர் நன்றாகத்தானே சுடுகிறார் என்று அதையும் ஒரு சந்தேகமாகக் குறித்துக்கொண்டேன். அதிகாரி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த வண்டிக்காரர்கள் நாலு பேர் வாசல் பக்கம் நின்றார்கள்.

மூன்று மீட்டர். ஊதினேன். டிரைவர், பின்னாலேயே இவர். ஒன்று புள்ளி தொண்ணூற்றெட்டு. தப்பித்தார். ஐந்து, தப்பித்தார். ஏழிலும் மயிரிழையில் தப்பித்தார். பத்து மீட்டருக்கு வந்தபோது ஒரு பெருமூச்சு விட்டார், வீட்டுப்படி ஏறினவர் மாதிரி. ஒன்று புள்ளி ஏழு. வட்டத்தின் நடுவில் ஓட்டை. அதிகாரி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

பதினைந்து மீட்டர். "தயார்!" என்று கத்தினேன். இரண்டு பேரும் கையைத் தொங்கவிட்டார்கள். விசில் என் பல்லிடுக்கில் இருந்தது. என் நிழல் அவர் காலடியைத் தாண்டிக் கிடந்தது.

முழங்கையைத் தூக்கினேன். ஊதவில்லை.

சம்பந்தியின் கை பறந்தது. டமார் என்று ஒரே வெடி. அட்டையின் நடு வட்டத்தில், அங்குலம் பிசகாமல், கறுப்பாக ஓர் ஓட்டை. பக்கத்தில் டிரைவர் கையை அசைக்காமல் கல்லாக நின்றார். நான் வாயிலிருந்து விசிலை எடுத்தேன். மாட்டினாயா என்று உள்ளே ஒரு குதியாட்டம், பொய் சொல்லவில்லை. விசில் இல்லாமல் சுட்டால் வேறு பேச்சே கிடையாது. அது விதி.

சம்பந்தி துப்பாக்கியை உறையில் சொருகிவிட்டுத் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. இருபத்து நாலு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் யாருக்கும் காட்டியிருக்க மாட்டார். காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "தாண்டிட்டேன் சம்பந்தி!" என்றார். "பாப்பாவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. உங்க வாயால கேட்டா சந்தோஷப்படுவா."

திருட்டுத்தனம் செய்தவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். இது அந்த முகம் இல்லை.

அதிகாரி எழுந்துவிட்டார். "விசிலே வரலையே! யாரைக் கேட்டுச் சுட்டீங்க?" என்று சம்பந்தியின் முதுகுப் பக்கமிருந்து கேட்டார். சம்பந்தி திரும்பவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். "உங்களைத்தான்!" என்று அதிகாரி கத்தினார். அப்போதும் திரும்பவில்லை.

டிரைவர் காதுமூடியைப் பிடுங்கித் தரையில் எறிந்தார்.

"கேக்காது சார்! அவருக்குக் காது கேக்காது!" பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது. "நாலஞ்சு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போச்சு. வண்டியில ஏதாவது சொல்லணும்னா நான் நடுப்பலகையைக் காலால உதைப்பேன், அதிர்றதை வெச்சுப் புரிஞ்சுக்குவார். வாயைப் பார்த்து மத்ததைப் புரிஞ்சுக்குவார். சம்பந்தி சம்பந்தின்னு மூணு வருஷமா ஒன்னா உக்காந்து சாப்பிடுறீங்களே, உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

தெரியவில்லை. மூலை நாற்காலி, தலையாட்டல், எடுக்காத போன், எல்லாவற்றையும் நான் தந்திரம் என்றே எழுதி வைத்திருந்தேன். சத்தம் போட்டே பிழைக்கிற இடத்தில் வேலை பார்த்ததால், அவருடைய செவி போய்விட்டதை நான்தான் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும். கடைசியாகக் கண்டுபிடித்தவனும் நானாகத்தான் இருந்தேன்.

அதிகாரி இப்போது நக்கல் இல்லாமல் கேட்டார். "சார், நீங்க சொல்லுங்க. ஊதினீங்களா, இல்லையா?"

ஊதினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லோரும் காதுமூடி போட்டிருந்தார்கள், மெதுவாக ஊதினேன் என்றால் யாரும் சத்தியம் கேட்டிருக்க மாட்டார்கள். பதினோரு மாதம் ஓடிப்போயிருக்கும். ஆனால் நாளைக்கு அந்த வண்டியின் பின்னால் யாராவது "சுடாதே" என்று கத்தினால்? தெருவில் போகிற ஒருத்தரின் நிழல் அசைந்தால்?

"ஊதல சார்" என்றேன்.

சம்பந்தி என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. தரையைப் பார்த்தார். பதினைந்து மீட்டர் கோட்டில் என் நிழல் இன்னும் அங்கேயே கிடந்தது. எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு, ஒன்றைத் தவிர.

"கையைத் தூக்கினீங்களே" என்றார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. கூடம் முழுக்க ஒலித்தது. "கையைத் தூக்கிட்டு ஏன் சம்பந்தி ஊதல?"

நான் ஏதோ முணுமுணுத்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தார். "என்ன?"

இன்னொரு தடவை சொன்னேன். என் உதடு நடுங்கியதில் அவரால் படிக்க முடியவில்லை. "சரியாத் தெரியல, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்று காதை என் பக்கம் திருப்பினார்.

வாசலில் நாலு பேர், அதிகாரி, டிரைவர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காதுக்குள் கத்தினேன்.

"உங்க மேல சந்தேகப்பட்டேன் சம்பந்தி! நீங்க ஏமாத்துறீங்கன்னு நினைச்சேன்! உங்களைப் பிடிக்கத்தான் ஊதல!"

அவர் நிமிர்ந்தார். கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மகளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ஒரு முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார். "வீட்டுல யாருக்கும் சொல்லல. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பிறகு துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்து, காலியென்று அதிகாரிக்குத் திறந்து காட்டி, இடுப்புப் பட்டையைக் கழற்றி உறையோடு மேசைமேல் வைத்தார்.